பாம்புப் பெட்டியில் மைட்: வைத்தியம் பெட்டிக்குத்தான் அதிகம்

வெள்ளை பேப்பர் டவல் ஒன்றை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து உள்ளங்கையில் விரித்துக்கொள்ளுங்கள். பாம்பை அதன் மேல் வைத்து லேசாக மூடிப் பிடித்தால் அது தானாகவே முன்னால் ஊர்ந்து போகும். தலை முதல் வால் வரை கடந்து முடிந்ததும் டவலை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மிளகுத்தூள் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்து, அவற்றில் சில நகர்ந்து, நசுக்கினால் சிவப்பாகக் கறை விழுந்தால் அது பாம்பு மைட், அதாவது பாம்பின் ரத்தத்தைக் குடித்து வாழும் நுண்ணிய உண்ணி. விலங்கியலில் இதற்கு ஒஃபியோனிசஸ் நாட்ரிசிஸ் என்று பெயர். ரத்தம் குடித்து உப்பிய பெண் மைட் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டும், கறுப்பாக இருக்கும். பசியோடு திரியும் இளசுகள் வெளிறிய மஞ்சள் நிறத்தில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக இருப்பதால் வெறும் கண்ணுக்குப் பெரும்பாலும் தப்பிவிடும்.

டவலில் எதுவும் வராவிட்டாலும் அதோடு விட்டுவிடக் கூடாது. 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் சின்ன டார்ச்சும் எடுத்து நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, கீழ்த்தாடையின் நடுவே நீளவாக்கில் ஓடும் மடிப்பு. தலையை லேசாக உயர்த்திப் பிடித்தால் இந்த மடிப்பு திறக்கும். ஒளிந்திருக்கும் மைட்டுகள் அங்கே செதிலின் விளிம்பைப் பிடித்தபடி வரிசையாக உட்கார்ந்திருக்கும். இரண்டாவது, கண்ணை மூடியிருக்கும் கண்ணாடிச் செதிலின் ஓரம். அந்த விளிம்பு சற்றே புடைத்து, கண்ணைச் சுற்றிக் கறுப்புக் கோடு போட்டதுபோலத் தெரிந்தால் உள்ளே மைட் இருக்கிறது. மூன்றாவது, மலைப்பாம்புகள், சில போவாக்கள் ஆகியவற்றின் உதட்டோர வெப்பக்குழிகள். நான்காவது, கழிவுத்துளையை மூடும் செதிலின் அடிப்பக்கம்.

மறைமுக அறிகுறிகளும் உண்டு. தண்ணீர்க் கிண்ணத்திலேயே பாம்பு மணிக்கணக்கில் சுருண்டு கிடப்பது, கிண்ணத்தின் அடியில் கறுப்புத் தூள் படிவது, செதில்களின் மேல் சாம்பல் தூவியதுபோல வெள்ளைத் துகள்கள் தெரிவது (அது மைட்டின் கழிவு), தலையை எதிலாவது தேய்த்துக்கொண்டே இருப்பது, இரையை மறுப்பது, சட்டை துண்டு துண்டாக உரிவது. தண்ணீரில் கிடப்பதை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம். பெட்டி அதிகமாகச் சூடேறினாலும், காற்று வறண்டிருந்தாலும், சட்டை உரிக்கும் நாள் நெருங்கினாலும் பாம்பு தண்ணீரைத்தான் தேடும்.

ஈரமான தேங்காய் நார்த்தூளிலும் மரத்துண்டுகளிலும் வெள்ளையாகவோ பழுப்பாகவோ மெதுவாக நகரும் மைட்டுகள் வேறு வகை. அழுகும் பொருளையும் பூஞ்சையையும் தின்று வாழ்பவை, பாம்பைத் தொடுவதில்லை. ஈரத்தைக் குறைத்து, நார்த்தூளை மாற்றினால் போய்விடும். தொட்டால் துள்ளிக் குதிப்பவை ஸ்பிரிங்டெயில், அவற்றாலும் தீங்கில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் தேவையே இல்லாத பூச்சிமருந்தைப் பாம்பின் மேல் அடிப்பது அடிக்கடி நடக்கிறது. கறுப்புப் புள்ளி, வேகமான நகர்வு, நசுக்கினால் ரத்தம் என்று மூன்றும் பொருந்திய பிறகே மருந்தைப் பற்றி யோசியுங்கள்.

ஒரு தடவை மருந்தடித்தால் ஏன் தீர்வதில்லை

இந்த உயிரியின் வாழ்க்கையை ஆய்வாளர் ஜோசப் காமின் 1953இல் விரிவாகப் பதிவு செய்தார். இன்றைய சிகிச்சை முறைகள் எல்லாம் அந்தக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன. முட்டை, லார்வா (பொரித்ததும் வரும் குஞ்சு), முதல் நிம்ஃப், இரண்டாம் நிம்ஃப் (இரண்டும் இளம்பருவங்கள்), வளர்ந்த மைட் என ஐந்து நிலைகள். இவற்றில் ரத்தம் குடிப்பவை முதல் நிம்ஃபும் வளர்ந்த மைட்டும் மட்டுமே. ஆறு கால் லார்வாவும் இரண்டாம் நிம்ஃபும் எதையும் உண்பதில்லை; அவை பாம்பின் மேல் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. முட்டையோ பாம்பின் மேல் இடப்படுவதே அரிது. ரத்தம் குடித்து நிறைந்த பெண் மைட் பாம்பை விட்டு இறங்கி, இருட்டும் ஈரமும் உள்ள இடுக்கைத் தேடி மேல்நோக்கி ஏறும். அதனால்தான் மூடியின் அடிப்புற மூலைகளில் முட்டைகள் அதிகம் கிடைக்கின்றன. பெட்டியின் தரையை மட்டும் துடைப்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

ஒரு பெண் மைட் தன் வாழ்நாளில் 60 முதல் 90 முட்டை வரை இடும், ஒவ்வொரு முறை ரத்தம் குடித்த பிறகும் சுமார் 20 வீதம். முட்டை பொரிய 30 டிகிரி செல்சியஸில் 28 மணி நேரம் போதும். 20 டிகிரியில் 98 மணி நேரம் வரை ஆகும். லார்வா ஓரிரு நாளில் முதல் நிம்ஃபாக மாறிவிடும். முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரையிலான சுற்று, பாம்புப் பெட்டிகளில் வழக்கமாக இருக்கும் வெப்பத்தில் இரண்டு வாரத்தை ஒட்டி முடிந்துவிடுகிறது. இரை கிடைக்காத முதல் நிம்ஃப் இரண்டு வாரத்துக்கும் மேல் பட்டினி தாங்கும். வளர்ந்த மைட் 40 நாள் வரை வாழும். ஆணுடன் சேராத பெண் மைட்கூட முட்டையிடும். அந்த முட்டைகளிலிருந்து ஆண்கள் மட்டும் பிறக்கும். ஆகவே தப்பிய ஒரே ஒரு பெண் போதும், கதை மறுபடி தொடங்க.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெளிவாகும். எந்த ஒரு நாளில் பார்த்தாலும் மைட்டுகளில் பெரும்பகுதி பாம்பின் மேல் இல்லாமல் பெட்டியில், பெட்டி நிற்கும் அலமாரியில், அதன் பின்சுவரில் இருக்கும். பாம்பை எவ்வளவு சுத்தமாகக் கழுவினாலும் அவை அசையா. இன்னொன்று, முட்டையின் ஓட்டைப் பெரும்பாலான மருந்துகள் ஊடுருவுவதில்லை. எனவே நாள்கணக்கு வைத்துத் திரும்பத் திரும்பச் செய்வதைத் தவிர வழி கிடையாது.

வெப்பமும் வறட்சியும் மைட்டின் பலவீனங்கள். 24 முதல் 28 டிகிரி வெப்பமும் 85 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் இருந்தால் செழிக்கும். 55 டிகிரியில் சில நொடிகளில் இறந்துவிடும். வறண்ட காற்றில் முட்டை பொரிக்காமல் காய்ந்துபோகும். மருந்தே இல்லாமல் பாதிப் போரை இந்த இரண்டையும் வைத்தே நடத்தலாம்.

முதல் நாள்: பெட்டியைப் பிரிப்பது

வேலையைத் தொடங்கும் முன் கையருகே இருக்க வேண்டியவை: பாம்பின் அளவுக்கேற்ற, ஒரே மாதிரியான பிளாஸ்டிக் டப்பா இரண்டு (நடுத்தரப் பாம்புக்கு 40 லிட்டர்), மூடியில் கிளிப் உள்ளதாக, பேப்பர் டவல் பெரிய சுருள் ஒன்று, தடிமனான குப்பைப் பைகள், தெர்மாமீட்டர், லென்ஸ், பட்ஸ், வாசனை சேர்க்காத பாத்திரம் கழுவும் திரவம், இரண்டு பக்கமும் ஒட்டும் டேப், நீராவி கிளீனர் இருந்தால் மிக நல்லது. டப்பாவின் பக்கவாட்டில் 3 மில்லிமீட்டர் துளைகள் இருபக்கமும் பத்துப் பன்னிரண்டு போட்டு, ஓரத்தை உப்புத்தாளால் வழவழப்பாக்கிவிடுங்கள். கூரான விளிம்பு மூக்கைக் கிழித்துவிடும்.

பாம்பு இந்தச் சிகிச்சை டப்பாவுக்குப் போகும். உள்ளே பேப்பர் டவல் இரண்டு அடுக்கு, தூக்கிப்போடக்கூடிய அட்டைப்பெட்டி ஒன்று ஒளிந்துகொள்ள, கனமான தண்ணீர்க் கிண்ணம் ஒன்று. வேறு எதுவும் வேண்டாம். ஹீட் மேட்டை டப்பாவுக்கு வெளியே, அடிப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் படும்படி வைத்து, தெர்மோஸ்டாட்டின் சென்சாரை மேட்டுக்கும் டப்பாவுக்கும் நடுவே பொருத்துங்கள். பழைய பெட்டியில் பாம்புக்குக் கிடைத்த அதே வெப்பம் இங்கேயும் கிடைக்க வேண்டும். குளிர்ந்துபோன பாம்பின் உடலில் எந்த மருந்தும் சரியாகக் கழியாது.

பழைய பெட்டிக்குள் இருந்த நார்த்தூள், மரத்தூள், பாசி எல்லாவற்றையும் பெட்டி இருக்கும் இடத்திலேயே பையில் கொட்டிக் கட்டி, இன்னொரு பைக்குள் போட்டு, உடனே வீட்டுக்கு வெளியே எடுத்துப் போய்விட வேண்டும். அதைக் கழுவிக் காயவைத்து மறுபடி உபயோகிக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். கார்க் பட்டை, கிளைகள், துளையுள்ள கல் ஆகியவற்றில் விலை மலிந்தவை குப்பைக்கே போகட்டும். வைத்துக்கொண்டே ஆக வேண்டிய மரத்துண்டை 95 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் வைக்கலாம், பக்கத்திலேயே இருந்து கவனித்தபடி. தடிமனான கட்டையின் உள்ளே சூடு இறங்க நேரமாகும். மேலே சுடுகிறது என்பதை வைத்து முடிவெடுத்தால் நடுவிலுள்ள விரிசலில் இருப்பவை பிழைத்துக்கொள்ளும். பிசின் கசியும் மரத்தை அவனில் வைக்கவே கூடாது.

பிளாஸ்டிக் பொருட்களும் கிண்ணங்களும் 60 டிகிரித் தண்ணீரில் முழுதாக மூழ்கி 10 நிமிடம் இருக்கட்டும். தெர்மாமீட்டரில் 60 காட்டுகிறதா என்று பார்த்துச் செய்யுங்கள். கை பொறுக்கும் சூடு 45 டிகிரிதான். அதில் மைட் சாகாது, மிதந்து ஓரமாக ஏறிவிடும். பிளீச்சை நம்பி இருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்: பிளீச் கிருமிகளுக்கானது, மைட்டுக்கு அல்ல. இங்கே வேலை செய்வது சூடும் சோப்பும்.

கண்ணாடிப் பெட்டியோ மரப்பெட்டியோ, அதன் ஒவ்வொரு இணைப்பிலும் நீராவிக் குழாயின் முனையை ஒட்டிப் பிடித்து, நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் நகர்த்திச் செல்லுங்கள். வேகமாக நகர்த்தினால் மேற்பரப்பு ஈரமாவதோடு சரி. விடக்கூடாத இடங்கள்: சறுக்குக் கதவு ஓடும் பள்ளம், காற்றோட்ட வலையின் சட்டம், திருகாணித் துளைகள், ஒயர் நுழையும் ஓட்டை, மூடியின் உள்மூலைகள், பின்பக்க அலங்காரப் பலகையின் பின்புறம், சென்சாரை ஒட்டியிருக்கும் டேப். அந்த டேப்பை உரித்துப் பார்த்தால் அடியில் ஒரு குடித்தனமே இருக்கும். அலங்காரப் பலகை நுரையால் ஆனதென்றால் கழற்றி எறிவதுதான் புத்திசாலித்தனம். மின் சாதனங்கள் அனைத்தையும் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டு இதைச் செய்யவும்.

அடுத்து அறை. பெட்டியைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குத் தரை, சுவரோரம், அலமாரியின் அடிப்பக்கம் எல்லாம் வாக்குவம் போட்டு, பையை உடனே கட்டி வெளியே. அலமாரிக் கால்களைச் சுற்றி ஒட்டும் டேப்பைச் சுற்றிவிடுங்கள். இது மைட்டின் நடமாட்டத்தைக் காட்டும் பலகை. வாரா வாரம் டேப்பில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் நிலவரம் புரிந்துவிடும். எந்த ஒட்டும் பொருளையும் பாம்பு இருக்கும் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. வயிற்றுச் செதிலில் ஒட்டிக்கொண்டால் பிய்த்து எடுக்க முடியாது. சமையல் எண்ணெய் தடவி ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுவிக்க முடியும்.

பாம்பைக் குளிப்பாட்டுவது

இரை எடுத்து 48 மணி நேரத்துக்குள் இருக்கும் பாம்பைத் தண்ணீரில் விடாதீர்கள், கக்கிவிடும். 28 முதல் 30 டிகிரி வெப்பமுள்ள தண்ணீர், பாம்பின் உடல் தடிமன் அளவுக்கு மட்டும் ஆழம், லிட்டருக்கு ஒரு சொட்டு வாசனையற்ற பாத்திரத் திரவம். சோப்பு எதற்கென்றால், வெறும் தண்ணீரில் மைட் மூழ்காது, பரப்பு இழுவிசையால் மிதந்துகொண்டே இருக்கும். அந்த ஒரு சொட்டு அதை உடைத்து மைட்டை மூழ்கடிக்கிறது. அளவைக் கூட்டினால் பாம்பின் கண்ணும் வாயும் எரியும், பலன் ஒன்றும் கூடாது. 20 முதல் 30 நிமிடம் போதும். ஆளில்லாமல் விட்டுப் போகக் கூடாது. களைத்த பாம்பு ஆழமில்லாத தண்ணீரிலும் மூழ்கும்.

தண்ணீரில் இருக்கும்போது மைட்டுகள் ஈரமில்லாத இடத்தைத் தேடித் தலைக்கு ஏறும். குளியல் முடிந்தும் பாம்பின் மேல் உயிரோடு இருப்பவை தலையில்தான் இருக்கும் என்பதால், வெளியே எடுத்ததும் ஈர பட்ஸால் தாடை மடிப்பையும் கண்ணோரத்தையும் மூக்கிலிருந்து கழுத்து நோக்கி மெதுவாகத் துடைத்தெடுங்கள். கண் விளிம்பில் ஊசியோ சாமணமோ வைத்துக் கிளற வேண்டாம். கண்ணாடிச் செதிலில் கீறல் விழுந்தால் கண்ணே போய்விடக் கூடும். ஒரு நிமிடம் ஈரத்தால் ஒற்றி வைத்தாலே பல மைட்டுகள் தாமாக வெளியே வந்துவிடும். பிறகு சோப்பில்லாத வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, உலர்த்தி, புது டப்பாவில் விடுங்கள்.

எண்ணெய் தடவுவது பழைய கைவைத்தியம். மைட்டை அது மூச்சடைக்க வைக்கும் என்பது உண்மை. ஆனால் உடல் முழுக்கத் தடவிய எண்ணெயில் தூசி ஒட்டும், அடுத்த சட்டை சரியாக உரியாது. தாடை மடிப்பில் பட்ஸால் ஒரு சொட்டு தொட்டு வைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மருந்து

மைட் குறைவாக இருந்து, பாம்பும் ஒன்றோ இரண்டோதான் என்றால், கீழே வரும் மூன்று நாள் சுழற்சியை மருந்தே இல்லாமல் கறாராகச் செய்து முடிக்க முடியும். பாம்புகள் பல, அலமாரியும் நிறைய டப்பாக்கள் கொண்டது என்றால் மருந்து தேவைப்படும். அதற்கு முன் ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் காட்டுவது அவசியம். ரத்தசோகை வந்த குட்டிப் பாம்பு, உடல் வற்றிய பாம்பு, சட்டை உரிக்கவிருக்கும் பாம்பு, சினையுற்ற பாம்பு ஆகியவற்றுக்குச் சொந்தமாக எதையும் அடிக்க வேண்டாம்.

பெர்மெத்ரின்: ஊர்வனவற்றின் பெட்டிக்கென்றே தயாரான 0.5 சதவீத ஸ்பிரே பெட்டிக்கு மட்டுமே. பாம்பின் மேல் ஒரு துளியும் படக் கூடாது. பாம்பும் தண்ணீர்க் கிண்ணமும் வேறு அறையில் இருக்க, காலிப் பெட்டியின் இடுக்குகளில் மெலிதாக அடித்து, ஈரம் முழுக்கக் காய்ந்து வாசனையும் போகும் வரை திறந்து வைத்து, அதன் பிறகே பாம்பைத் திரும்ப விட வேண்டும். காய்ந்த பரப்பில் இதன் வீரியம் பல நாள் நீடிப்பதால் பிறகு பொரிக்கும் குஞ்சுகளும் மாட்டும். ஈரமாக இருக்கும்போதே பாம்பை விடுவது, மூடியை மூடிப் புகையை உள்ளே அடைப்பது, அடித்த பெட்டிக்குள் தண்ணீர் சிந்த விடுவது, இந்த மூன்றும்தான் பெர்மெத்ரினால் பாம்பு இறப்பதற்கு வழக்கமான காரணங்கள். பூனை இருக்கும் வீட்டில் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. பூனையின் உடலால் இந்த மருந்தைச் சிதைக்க முடியாது. மீன் தொட்டியின் காற்றுப் பம்பை நிறுத்தி, தொட்டியை மூடிவிடுங்கள். பயிருக்கு அடிக்கும் பெர்மெத்ரினை 0.5 சதவீதத்துக்குக் கரைத்தால் அதுவும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. அவற்றில் மருந்தைக் கரைக்கப் பெட்ரோலிய வகைக் கரைப்பான்கள் சேர்க்கப்படுகின்றன; பாம்பின் நுரையீரலைக் கெடுப்பது அதுவே. வீரியம் கூட்டச் சேர்க்கும் பைபெரோனில் பியூட்டாக்சைடு உள்ள கொசு, கரப்பான் ஸ்பிரேக்களும் கூடாது.

ஃபிப்ரோனில்: நாய்களுக்கான 0.25 சதவீத ஸ்பிரேயை மருத்துவர்கள் சில நேரம் பாம்புக்கும் பரிந்துரைக்கிறார்கள். நேராக அடிப்பதில்லை. துணியில் அடித்து நனைத்து, அந்தத் துணியால் உடலைத் துடைத்து, ஐந்து நிமிடத்தில் தண்ணீரால் அலசிவிட வேண்டும். 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை. அதில் கரைப்பானாக இருக்கும் ஆல்கஹால் மூடிய டப்பாவில் ஆவியாகத் தேங்கினால் மருந்தைவிட அதுவே ஆபத்து. தலையில் படாமல் பார்த்துக்கொள்ளவும்.

ஐவர்மெக்டின்: பாம்புக்கு வழக்கமான ஊசி அளவு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், 14 நாள் இடைவெளியில். இதை ஏன் வீட்டில் செய்யக் கூடாது என்பதற்குக் கணக்கே சாட்சி. 500 கிராம் பாம்புக்கு 0.1 மில்லிகிராம் தேவை. கால்நடைகளுக்கான 1 சதவீத மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் இருக்கிறது. அப்படியானால் போட வேண்டியது 0.01 மில்லிலிட்டர், ஒரு மில்லிலிட்டர் சிரிஞ்சின் மிகச் சிறிய கோடு ஒன்று. ஊசியின் கழுத்தில் தேங்கி நிற்பதே அதைவிட அதிகமாக இருக்கும். அளவு தவறினால் பாம்பு தள்ளாடி, தலையை நேராகப் பிடிக்க முடியாமல் போய், இறந்தும் போகலாம். மருத்துவர் இதைச் சரியாக நீர்க்கச் செய்தே போடுவார். ஆமை வளர்ப்பவர்கள் முக்கியமாக நினைவில் வைக்க வேண்டியது: ஐவர்மெக்டின் ஆமைகளைக் கொன்றுவிடும். ஒரே அறையில் ஆமை இருந்தால் மருந்து பட்ட கையோ டவலோ அந்தப் பக்கம் போகக் கூடாது. அஃபாக்சோலானர் போன்ற வாய்வழி மருந்துகளையும் இப்போது மருத்துவர்கள் பாம்புகளுக்குக் கொடுக்கிறார்கள். இதுவும் அவர்கள் எடை பார்த்து முடிவு செய்ய வேண்டியது.

வேட்டை மைட் என்று ஒரு வழியும் இருக்கிறது. ஸ்ட்ராடியோலேலாப்ஸ் ஸ்கிமிட்டஸ், கெய்லீடஸ் எருடிடஸ் என்ற இரண்டும் பாம்பு மைட்டைப் பிடித்துத் தின்பவை, பாம்பைத் தொடாதவை. மண்ணும் செடியும் வைத்த உயிர்ப்பெட்டியைப் பிரிக்க மனமில்லாதவர்களுக்கு இது நல்ல தேர்வு. பொறுமை வேண்டும், ரசாயன மருந்து எதுவும் அந்தப் பெட்டியில் படக் கூடாது. பட்டால் முதலில் சாவது இந்த வேட்டைக்காரர்கள்தான்.

பூச்சிக்கொல்லி ஆவியை வெளிவிடும் டைக்ளோர்வாஸ் பட்டை, டீ ட்ரீ எண்ணெய், வேறு வாசனை எண்ணெய்கள் எதையும் பாம்பு இருக்கும் இடத்தில் வைக்காதீர்கள். டயட்டம் மண்ணின் தூள் மைட்டை உலர்த்தும் என்றாலும், மூடிய டப்பாவில் பாம்பு அதை மூச்சில் இழுக்கும்.

மருந்து பட்ட பிறகு பாம்பு நடுங்கினாலோ, வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கினாலோ, தலையை மேல்நோக்கி வளைத்தபடி நின்றாலோ, மல்லாக்கப் போட்டால் திரும்பப் புரள முடியாமல் கிடந்தாலோ, அந்த நொடியே வெளியே எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு கொஞ்சம் சேர்த்துக் கழுவி, அலசி, காற்றோட்டமுள்ள புது டப்பாவில் வைத்து மருத்துவரிடம் கொண்டு போங்கள். மருந்தின் பாட்டிலும் கூடவே போகட்டும்.

மூன்று நாள் சுழற்சி

இரண்டு டப்பா வாங்கச் சொன்னது இதற்குத்தான். 28 டிகிரி வாக்கில் முட்டை பொரிக்கவும், அந்த லார்வா ரத்தம் குடிக்கும் நிம்ஃபாக மாறவும் மூன்று நாளை ஒட்டி ஆகும். ஆகவே மூன்று நாளுக்கு ஒருமுறை பாம்பை இரண்டாவது டப்பாவுக்கு மாற்றி, முதல் டப்பாவின் பேப்பரையும் அட்டையையும் பையில் கட்டி எறிந்து, டப்பாவையும் கிண்ணத்தையும் 60 டிகிரித் தண்ணீரில் மூழ்கவைத்தால், இடையில் இடப்பட்ட முட்டைகள் கடிக்கும் நிலைக்கு வரும் முன்பே போய்விடும். மாற்றும்போதெல்லாம் ஈர டவல் சோதனை, தலையில் லென்ஸ் சோதனை. பேப்பரில் எத்தனை புள்ளி என்று தேதியோடு குறித்து வையுங்கள். முதல் வாரத்தில் எண்ணிக்கை சரியும். பத்தாம் நாளை ஒட்டிச் சற்றுக் கூடுவது இயல்பு. தப்பிய முட்டைகளிலிருந்து வந்தவை அவை. பலரும் கைவிடுவதும், மருந்தின் அளவை ஏற்றுவதும் இந்த இடத்தில்தான். இரண்டும் வேண்டாம், சுழற்சியைத் தொடர்ந்தால் மூன்றாம் வாரத்தில் பேப்பர் வெள்ளையாகிவிடும்.

வெள்ளையான பிறகும் ஆறு வாரம் டப்பாவிலேயே இருக்கட்டும். வளர்ந்த மைட்டின் 40 நாள் ஆயுளையும், பட்டினி கிடந்த நிம்ஃபின் கணக்கையும் அந்த ஆறு வாரம் மூடிவிடும். பழைய பெட்டியும் அதுவரை வெறுமையாக, காய்ந்து, திறந்தபடி இருக்க வேண்டும்.

ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்கு இறக்கினால் மைட் சாகும் என்பது சரிதான். ஆனால் ஈரம் விரும்பும் இனத்துக்கு அது சட்டை உரிவதைக் கெடுக்கும். அறையும் டப்பாவும் காய்ந்திருக்க, ஈரப் பேப்பர் வைத்த சின்ன டப்பா ஒன்றை மட்டும் உள்ளே வைத்து, அந்தப் பேப்பரைத் தினமும் மாற்றினால் இரண்டு பக்கமும் சமாளிக்கலாம். தினமும் மாற்றாவிட்டால் முட்டையிட அதுவே மைட்டுக்குப் பிடித்த இடமாகிவிடும்.

இரை சிறியதாகக் கொடுங்கள், இடைவெளியும் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கட்டும். சோகை பிடித்த பாம்புக்கு முதல் தேவை தண்ணீர், இரை பிறகு. பாம்பு சட்டை உரித்துவிட்டால் அதை உடனே பையில் போட்டுவிடுங்கள். உரிந்த சட்டையோடு ஏராளமான மைட்டுகளும் கழன்று வரும்.

திரும்ப வராமல் பார்த்துக்கொள்வது

மைட் ஒரு அறைக்குள் வரும் வழிகள் சில. புதுப் பாம்பு, வேறொருவர் பாம்பைத் தொட்டுவிட்டு வந்த கையும் சட்டையும், இரவல் வாங்கிய பெட்டி, கடையில் ஊர்வனவற்றின் பக்கத்தில் திறந்து கிடந்த நார்த்தூள் மூட்டை. உறைந்த இரையால் வருவதில்லை.

புதிதாக வரும் பாம்பு 90 நாள் தனி அறையில், பேப்பர் மேல், தனிக் கொக்கி, தனி இடுக்கி, தனிக் கிண்ணத்தோடு இருக்க வேண்டும். தனி அறை இல்லையென்றால் எவ்வளவு தூரம் தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு. ஆரோக்கியமான பாம்புகளின் வேலையை முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் அங்கே போக வேண்டும். வெளியே வந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையை மாற்றவும். 90 நாள் என்பது மைட்டுக்காக மட்டும் அல்ல. மைட் ஏரோமோனாஸ் பாக்டீரியாவை ஒரு பாம்பிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும். போவா, மலைப்பாம்புகளைக் கொல்லும் ஐ.பி.டி. (இன்க்ளூஷன் பாடி டிசீஸ்) என்ற வைரஸ் நோய் பரவுவதிலும் அதற்குப் பங்கிருக்கக் கூடும் என்று மருத்துவர்கள் சந்தேகிக்கிறார்கள். மனிதர்களையும் கடிக்கும். கையில், இடுப்பில் அரிக்கும் சிவப்புத் தடிப்புகள் வந்தால் பாம்பின் பேப்பரை ஒருமுறை பாருங்கள்.

தனிமை டப்பாவில் முதல் 30 நாள் வாரம் இருமுறையும், பிறகு வாரம் ஒருமுறையும் ஈர டவல் சோதனை செய்யுங்கள். கிண்ணத்தைத் தூக்கி அதன் அடிப்பக்கத்தையும், மூடியைத் திருப்பி அதன் உள்விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். வழக்கமான பெட்டிகளிலும் மாதம் ஒரு நாள் சென்சார் டேப்பை உரித்துப் புதிதாக ஒட்டுங்கள். புது நார்த்தூள் மூட்டையைப் பிரிக்கும் முன் ஒரு வாரம் உறைநிலைப் பெட்டியில் வைத்து எடுத்தால், மூட்டை வழியாக வருபவை அங்கேயே நின்றுவிடும்.